மாப்பிள்ளைக் காரின் சைலன்சர்

என் அண்ணன் ஜமாலுக்கு அறுபத்தொரு வயதில் மறுபடியும் கல்யாணம் கூடிவந்தது. பெண் பெயர் சபூரா, ஊர் கொச்சியில் மட்டாஞ்சேரி. வயது ஐம்பத்துநாலு. அவருக்கு இதுதான் முதல் கல்யாணம். பார்த்து வைத்தவர்கள் பெரியவர்கள் அல்ல, பிள்ளைகள். துபாயில் அண்ணனின் மகளும் சபூராவின் அண்ணன் மகனும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது இரண்டு பேரும் தங்கள் வீட்டு ஆட்களைப் பற்றிப் புலம்பப்போய், அது போன் நம்பர் கொடுப்பதில் முடிந்து, ஒரு வருடம் போனிலேயே வளர்ந்து, நிக்காஹில் வந்து நின்றது.

"மாமி, நீங்க கூடப் போங்க. அத்தா தனியாப் போனா வெக்கப்பட்டுக்கிட்டுப் பாதி வழியில திரும்பிரும்" என்று அண்ணன் மகள் என்னிடம் போனில் சொன்னாள். அதனால் மேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என்று கிளம்பியது நான் ஒருத்திதான்.

அண்ணனின் காருக்கு வயது இருபதுக்கு மேல். வான நீல நிறம். அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு விரட்ட மாணவர்கள் இல்லாததால் அந்தக் காரைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டினார். மேலே முகம் பார்க்கலாம். அடியில் குனிந்து பார்க்கும் பழக்கம்தான் அவருக்கு இருந்ததில்லை.

மலையேறும்போது சத்தம் லேசாகத்தான் தொடங்கியது. யாரோ பல்லிடுக்கில் காற்று விடுவது மாதிரி. உச்சிக்குப் போவதற்குள் இருமலானது. கேரளத்துக்குள் இறங்கும்போது டிராக்டர். சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்துவிட்டது என்று வழியில் டீக்கடையில் நின்ற லாரிக்காரர் சொன்னார். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். புகை தரைவிரிப்புக்கு அடியிலிருந்து உள்ளே ஏறி வந்ததுதான் கஷ்டம். கண் எரிந்தது, தலை கிறுகிறுத்தது. நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தலையை வெளியே நீட்டியபடி வந்தோம். ரப்பர் தோட்டங்களும் மழைக்கு நனைந்த ஓட்டு வீடுகளும் அப்படித்தான் எனக்குக் காட்சி தந்தன.

மட்டாஞ்சேரிக்குள் நுழைந்தபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் ஊர்க் கடைவீதியில் கார் சத்தம் போட்டால் ஆகாயத்துக்குப் போய்விடும். இங்கே இரண்டு பக்கமும் உயரமான பழைய கிடங்குகள், நடுவில் ஒடுங்கிய சந்து. சத்தம் ஒரு சுவரில் பட்டு மறு சுவரில் பட்டுத் திரும்பி எங்களிடமே வந்தது. சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு நின்றார்கள். ஆடுகள் ஓடின. சைக்கிளை ஓரங்கட்டிய இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"ஹெலிகாப்டர் இறங்கிவிட்டதா?"

"தமிழ்நாட்டு வண்டி. பூ கட்டியிருக்கிறது, பார். கல்யாணம் போல."

பெண் வீட்டு வாசலில் சபூராவின் அண்ணன் காசிம் நின்றிருந்தார். தேயிலைக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளைகள் வளைகுடாவில். அந்த வீட்டில் அவரும் தங்கை சபூராவும் மட்டும்தான். நாலைந்து தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேச்சு, ஆனால் மலையாளத்தின் ராகத்தில்.

கார் நின்ற பிறகும் ஒருமுறை வெடித்துவிட்டு அடங்கியது. தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தன. காசிம் மூக்கைச் சுளித்தார்.

"கல்யாணம் சத்தமில்லாம நடக்கட்டும்னு நான் பறஞ்சிருந்தேன்" என்றார்.

அதுதான் வரவேற்பு.

உள்ளே சாயாவும் பழம்பொரியும் வந்தன. நேந்திரம்பழத்தை நீளமாகச் சீவி மாவில் தோய்த்துப் பொரித்தது. எங்கள் ஊர் வாழைக்காய் பஜ்ஜிக்குச் சொந்தக்காரன் என்று நினைத்துக் கடித்தேன், சுடச்சுட இனித்தது. மூன்றாவதை எடுக்கும்போது காசிம் தொண்டையைக் கனைத்தார்.

"ஜமால் பாய், தப்பா எடுக்கண்டாம். இந்த வண்டியில உக்காந்து என் தங்கச்சி மலை தாண்டணும். புகையில மூச்சு முட்டி என்னமாவது ஆச்சுன்னா? நிங்க போயி வண்டியச் சரியாக்கிட்டு வாங்க. நிக்காஹை அடுத்த மாசம் பாக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்லல்லோ."

அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. பெண்ணுக்கு அத்தா இல்லை. அவர் இடத்தில் இருந்து மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொடுக்க வேண்டியவர் காசிம்தான். அவர் கையை நீட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் இல்லை. வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் அதற்கும் ஏதோ சொன்னார். மழை என்றார், மலைப்பாதை என்றார். அவருக்குத் தேவை காரணம்தான் என்று எனக்குப் பட்டது. எங்கள் சைலன்சர் அதை அவர் வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்திருந்தது.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சபூரா இறங்கி வந்தார். போனில் பார்த்ததைவிட உயரம். கண்ணாடி போட்டிருந்தார், முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். கல்யாணப் பெண் மாதிரி அல்ல, ரேஷன் கடையில் நியாயம் கேட்க வந்தவர் மாதிரி இருந்தது.

"அடுத்த மாசம் எதுக்கு இக்கா? நாளைக்குச் சனிக்கிழமை. ஒர்க் ஷாப்பெல்லாம் தொறந்திருக்கும். நிங்களே கூடப் போயி நின்னு சரியாக்கிட்டு வாங்க. நிங்களுக்குத் திருப்தி ஆகட்டும்." அங்கே அண்ணனை இக்கா என்பார்கள். பிறகு என் அண்ணனைப் பார்த்து, "நிங்க பழம்பொரி தின்னவே இல்லையே" என்றார்.

அண்ணன் பழம்பொரியைக் கையில் எடுத்துக்கொண்டு விறைப்பாக எழுந்து நின்றார், கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல.

மறுநாள் காலை புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிட்டு அண்ணன், காசிம், நான் மூன்று பேரும் கிளம்பினோம். சுள்ளிக்கல்லில் ஒரு ஒர்க் ஷாப். நடத்துகிறவர் பாபு, எல்லோருக்கும் பாபுச் சேட்டன். வேலையைவிடப் பேச்சு அதிகம். எதைக் கேட்டாலும் "நூறு சதமானம்" என்பார், நூறு சதவீதம் என்று அர்த்தம். காரை ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தவர், உள்ளேயிருந்தே கத்தினார்: "முழுவன் துரும்பாணு!"

அண்ணன் பதறிப்போனார். "துரும்பா? நம்ம வண்டி வைக்கோல் பக்கமே போகலையே. யாராச்சும் வேணும்னே சொருகிட்டாங்களா?"

காசிம் வாயைப் பொத்திக்கொண்டார். நேற்றிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை நான் பார்த்தது அப்போதுதான். "மலையாளத்துல துரும்புன்னா துரு. பைப்பு துருப்பிடிச்சுப் போச்சுன்னு பறயிறார்" என்றார்.

இன்ஜினிலிருந்து வரும் குழாய் வளையும் இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இந்தப் பழைய மாடலுக்குப் புதுக் குழாய் கடையில் கிடைக்காது, சொல்லிவைத்தால் அடுத்த வாரம் வரும் என்றார் பாபுச் சேட்டன். அதுவரைக்கும் தகரத்தைச் சுற்றிப் பசை பூசிக் கிளாம்ப் போட்டுத் தருகிறேன் என்றார். தாங்குமா என்று கேட்டேன்.

"நூறு சதமானம்!"

போட்டுக்கொடுத்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்று தோப்பும்படிப் பக்கம் போனோம். அண்ணன் சந்தோஷத்தில் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். மீன் விற்கும் இடத்தைத் தாண்டும்போது அடியில் வெடி போட்டதுபோல ஒரு சத்தம். தகரம் ஒரு பக்கம் பறந்தது. குழாய் பிய்ந்து தார்ரோட்டில் இழுபட்டுத் தீப்பொறி கிளப்பியது. மீன்காரம்மா ஒருவர் கூடையைத் தலையில் பிடித்துக்கொண்டே எங்கள் பின்னால் ஓடிவந்து, பறந்துபோன தகரத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். "இதைப் போட்டுவிட்டுப் போகிறீர்களே" என்று மலையாளத்தில் அவ்வளவு அக்கறையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை. காசிமும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் "அடுத்த மாசம்" என்று தொடங்கவும் இல்லை, அதைக் கவனித்தேன்.

ஒர்க் ஷாப்புக்கு உறுமிக்கொண்டே திரும்பினோம். பாபுச் சேட்டனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. துருப்பிடித்த வளைவை வெட்டி எங்கள் கையில் கொடுத்தார். "இதே வளைவுள்ள பழைய பைப் ஒண்ணு கொண்டு வாங்க. வெல்டு வெச்சுத் தரேன்."

காசிம் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆக்ரிக்கடையில நோக்கலாம். வாங்க" என்றார். ஆக்ரிக்கடை என்றால் பழைய இரும்புக் கடை. கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் தராசும் தகரமும் வாங்கிப் பழகிய இடங்கள் அவருக்கு நிறையத் தெரியும்.

முதல் கடையில் கப்பல் சங்கிலி இருந்தது, குழாய் இல்லை. இரண்டாவது கடையில் குழாய்கள் இருந்தன, எல்லாம் நேர். மூன்றாவது கடை ஒரு சந்தின் முடிவில், மழைத் தண்ணீர் தேங்கிய முற்றத்தோடு இருந்தது. அண்ணனும் காசிமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்புக் குவியல் மேல் ஏறினார்கள். அண்ணன் ஒரு குழாயை இழுத்துக் காட்டுவார். காசிம் கையிலுள்ள துண்டை வைத்துப் பார்த்து, "வளைவு கூடுதல்" என்று தூக்கிப் போடுவார். காசிம் ஒன்றை எடுப்பார், அண்ணன் "பருமன் பத்தாது" என்பார். பிறகு இரண்டு பேரும் ஒரே குழாயின் இரண்டு முனையை ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தார்கள். அதுதான் சரியாகப் பொருந்தியது. குவியலுக்கு மேல் நின்று இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைக் கூப்பிட்டார்கள், மீன் மாட்டிய தூண்டிலைக் காட்டுவதுபோல.

கடைக்காரர் வெட்டித் தர மாட்டேன், எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது ஓர் ஆள் நீளத்துக்கு மேல் இருந்தது. ஆட்டோக்காரர்கள் பார்த்த உடனே கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். சரி, நடப்போம் என்று முன்முனையை அண்ணன் தோளில் வைத்தார். பின்முனையைக் காசிம் தோளில் வைத்தார். வெட்டிய துண்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

பாதி வழியில் களைத்துப்போய் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தோம். சுலைமானி வந்தது. பால் இல்லாத தேநீரில் எலுமிச்சையும் ஏலமும். காசிம் முதலில் மோந்து பார்த்தார், பிறகு குடித்தார், பிறகு இது பழைய தூள் என்றார். நான் கேட்டுவிட்டேன்.

"காசிம் அண்ணே, உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல என்ன மனக்குறை? எங்க அண்ணனைப் பிடிக்கலையா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நிங்கட அண்ணன் நல்ல ஆளு. அதான் எனக்குப் பேடி, பயம்" என்றார். "மோசமான ஆளா இருந்தா வேண்டாம்னு சொல்லிரலாம். எங்க உம்மா மரிச்சப்ப சபூரா சின்னப் பொண்ணு. என் பொண்டாட்டி மரிச்சப்ப என் புள்ளைகள வளத்தவ அவதான். கல்யாணம் பேசுனப்பல்லாம், இவங்க வளரட்டும் இக்கா, இவங்க வளரட்டும் இக்கான்னு பறஞ்சா. வளந்து போயாச்சு எல்லாரும். இப்ப அவளும் போயிட்டா, ராத்திரி கதவைச் சாத்துறப்ப உள்ள யாரு இருக்கா? நானும் டிவியும்."

அண்ணி இறந்ததிலிருந்து அண்ணன் வீட்டிலும் கதவு அப்படித்தான் சாத்தப்பட்டது. எனக்கு அது தெரியும். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டும் நான் அதற்கு ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

"நீங்களும் வாங்க" என்றார் அண்ணன்.

"எங்க?"

"மேலூருக்கு. பின் சீட்டு சும்மாதான வருது. அதுல என் தங்கச்சி மட்டும்தான் இருக்கும். ஒரு மாசம் இருங்க. பிடிக்கலைன்னா நானே கொண்டாந்து விடுறேன். பிடிச்சா..." அண்ணன் திணறினார். ஆயிரம் பிள்ளைகளை மைதானத்தில் அதட்டிய குரல் அது. "பிடிச்சா இருங்க, மச்சான்."

நிக்காஹ் ஆகும் முன்பே மச்சான் என்று கூப்பிட்டுவிட்டார். காசிம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வீட்ட யாரு பாக்கறது? நடக்காத காரியம்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து குழாயைத் தூக்கினார். இந்தத் தடவை முன்முனையை.

கிடங்குகள் இருக்கும் தெருவுக்குள் வந்ததும் பழக்கமான ஆட்கள் பார்த்துவிட்டார்கள். சுமைக்காரர் ஒருவர், "காசிம் இக்கா, பேண்டு செட்டுல சேந்தாச்சா? இவ்வளவு பெரிய குழல்!" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். காசிம் நின்றார். அண்ணன் குழாயோடு அவர் முதுகில் மோதப்போய்ச் சமாளித்தார்.

"மாப்பிள்ளை வண்டிக்காக்கும்" என்று உரக்கச் சொன்னார் காசிம். "நாளைக்கு எங்க சபூராவுக்குக் கல்யாணம். இதான் மாப்பிள்ளை. எல்லாரும் வரணும், கேட்டோ!"

அதுவரை தெருவில் யாருக்கும் சொல்லப்படாத சேதி அது. சுமைக்காரர் கையிலிருந்த கொக்கியை மூட்டையில் குத்திவிட்டு வந்து அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைவாசலுக்குக் கடைவாசல் சேதி எங்களுக்கு முன்னால் ஓடியது. ஒர்க் ஷாப்பை அடைந்தபோது அங்கேயும் தெரிந்திருந்தது. பாபுச் சேட்டன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இனி சாப்பாடு வேலை முடிந்த பிறகுதான் என்று அறிவித்துவிட்டு இறங்கினார்.

வெட்டி, பொருத்தி, கேஸ் வெல்டு வைத்து, புதுப் பேக்கிங் போட்டு, தொங்கவிடும் ரப்பர்களை மாற்றினார். குழாயின் வாயில் துணியை அடைத்துப் புகை எங்கேயாவது கசிகிறதா என்று கையை வைத்து வைத்துப் பார்த்தார். ஓரிடத்தில் கசிந்தது. திட்டிக்கொண்டே மறுபடியும் வெல்டு வைத்தார். வெயில் சாயும் நேரத்தில், "ஸ்டார்ட் செய்யூ" என்றார்.

அண்ணன் சாவியைத் திருப்பினார். கார் ஓடவில்லை என்று நினைத்து மறுபடியும் திருப்பினார். ஸ்டார்ட்டர் கிறீச்சிட்டது. "ஓடிட்டிருக்கு, மச்சான்!" என்று கத்தினார் காசிம். அவ்வளவு மௌனமாக ஓடிக்கொண்டிருந்தது வண்டி. காசிம் பின் சீட்டில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு தேயிலையை மோந்து பார்க்கும் அந்த மூக்கால் வெகு நேரம் மூச்சு இழுத்தார். "வாசனை இல்ல" என்றார் கடைசியில். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சின்னதாக நடக்க வேண்டிய நிக்காஹுக்குத் தெருவே வந்தது. பத்து பேருக்கு என்று பேசியிருந்த பிரியாணி போதாமல், பக்கத்து வீடுகளிலிருந்து பத்திரியும் இறைச்சிக்கறியும் வந்தன. பத்திரி எங்கள் ஊர் ஆப்பத்துக்கும் ரொட்டிக்கும் நடுவில் இருக்கிறது, அரிசிமாவில் மெல்லிசாகச் சுட்டது. எத்தனை தின்றேன் என்று சொல்லப்போவதில்லை. தகரத்தைத் திருப்பிக்கொடுத்த மீன்காரம்மாவும் வந்திருந்தார். அவரை யார் அழைத்தார்கள் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

மேலிருந்து சபூராவின் சம்மதம் கேட்டு வந்து சொன்னார்கள். காசிம் கையை நீட்டினார், அண்ணன் பிடித்துக்கொண்டார். நான் கதவோரத்திலிருந்து பார்த்தேன். எத்தனை சோப்பு போட்டும் போகாத துருக்கறை இரண்டு பேரின் கையிலும் இருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் காசிம் சொன்னபோது குரல் ஒருமுறை உடைந்தது. அவர் விடவில்லை, முழுசாகச் சொல்லி முடித்தார். மேலே பெண்கள் கூட்டத்துக்குள் ஓடிப்போய் நான் சபூராவைக் கட்டிக்கொண்டேன். "மதினி!" என்றேன். அவர் வெங்காயத்தோல் நிறப் பட்டில் இருந்தார். "வண்டி ஓடுது இல்லையா?" என்று என் காதில் கேட்டார்.

சாயங்காலம் புதுமணத் தம்பதிகள் காரையும் ஏற்றிக்கொண்டு படகில் வைப்பின் தீவுக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். எங்களைக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை கிளம்பினோம். சாமான் எல்லாம் ஏற்றியாயிற்று. காசிம் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "திருப்பூணித்துறை வரைக்கும் வரேன். ஓட்டத்துல புகை வருதான்னு நோக்கணும்" என்றார். அண்ணன் வண்டியைக் கிளப்பினார்.

திருப்பூணித்துறையில் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். பின்னால் திரும்பிப் பார்க்காமல், "எப்படி மச்சான்?" என்றார்.

காசிம் மூக்கை உறிஞ்சினார். "மேட்டுல ஏறுறப்பதான் தெரியும். மூவாற்றுப்புழை போகட்டும்."

மூவாற்றுப்புழையில் சாயா குடிக்க இறங்கினோம். மதினி பிஸ்கட் இருக்கிறதா என்று அவருடைய பையைத் திறந்தார். ஒரு மாதத்துக்கு வேண்டிய சட்டை, கைலி, மருந்து எல்லாம் அடுக்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தடித்த கம்பளி ஸ்வெட்டர். மதினி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மூவாற்றுப்புழையில குளிருமா, இக்கா?"

காசிம் சாயாவை ஊதினார். "மலைக்கு அந்தப் பக்கம் மேலூருன்னு பறஞ்சாங்க. குளிரும்தான?"

"மச்சான், எங்க ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாது" என்றார் அண்ணன்.

"அத முன்னமே பறயண்டாமா?" என்றார் காசிம் கோபமாக. "ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன்."